கேஷுவாலிட்டியில் கைகலப்பு: பணியாளர்களுக்கு அரை நாள் பயிற்சி, எதைச் சொல்லிக்கொடுப்பது?

இரவுப்பணி சிஸ்டர் கேட்டது:

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியராக இருக்கிறேன். கேஷுவாலிட்டியும் அதை ஒட்டிய வார்டும் என் பொறுப்பில். பணிக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன.

போன மாதம் எலி பேஸ்ட் தின்ற ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபது வயதுகூட நிரம்பவில்லை. முதல் நாள் முழுக்க வாந்தி. இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று தாய்மாமன் இரண்டு முறை வந்து கேட்டார். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றோம், நன்றாகத்தானே பேசுகிறாள் என்று வீட்டார் தயங்கினார்கள். ஐந்தாம் நாள் அதிகாலையில் போய்விட்டாள். டூட்டி டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே தாய்மாமன் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி வீசினார். அது தரை துடைத்துக்கொண்டிருந்த எங்கள் ஒப்பந்தப் பணியாளர் அம்மாவின் கையில் பட்டு மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆத்திரப்படுகிறவர்களைக் கையாள எல்லாப் பணியாளர்களுக்கும் அரை நாள் பயிற்சி தர வேண்டும், புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். பொறுப்பு என் தலையில். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒன்று நடந்தது. தற்காப்புக் கலை ஆசிரியர் ஒருவர் வந்து, யாராவது மணிக்கட்டைப் பிடித்தால் எப்படித் திருகி விடுவித்துக்கொள்வது என்று காட்டினார். நாங்களும் சிரித்துக்கொண்டே திருகினோம். யாருக்கும் இப்போது நினைவில்லை. இணையத்தில் தேடினால் "புன்னகையுடன் பேசுங்கள்" என்று எழுதிய படங்கள்தான் கிடைக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு எட்டுப் பேர் சூழ்ந்து நிற்கும்போது புன்னகைத்தால் அடி இரண்டாக விழும்.

கையில் இருப்பது மூன்று மணி நேரம். எதைச் சொல்லிக்கொடுக்கலாம்? யாரை உட்கார வைக்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். குடியை நிறுத்தியதால் பிதற்றுகிற நோயாளிகளைக் காஸ் துணியால் கட்டிலில் கட்டிவைக்கிறோம். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம் என்கிறார்கள். சரியா?

பழைய மனநல வார்டுக்காரர்:

சிஸ்டர், 31 ஆண்டுகள் மனநல வார்டுகளில் ஆண் செவிலியராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். முன்பல் இரண்டு என்னுடையவை அல்ல. ஒன்று நோயாளி கொடுத்த பரிசு, இன்னொன்று வழுக்கி விழுந்ததில் போனது. பார்க்கிறவர்கள் இரண்டையும் வீரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மணிக்கட்டு முறிந்தது தரை துடைத்த அம்மாவுக்கு. பயிற்சிக்கு வருவோர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? பெரும்பாலும் இராது. டாக்டரும் செவிலியரும் இருப்பார்கள். ஆனால் ஆத்திரத்தோடு வருகிறவன் முதலில் பார்ப்பது வாசல் காவலாளியை. அடுத்து சீட்டுப் போடுகிறவரை. அடுத்து ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரை. "உள்ளே போகக் கூடாது, வெளியே நில்" என்ற முதல் வாக்கியம் அவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது. டாக்டரிடம் வந்து சேர்வதற்குள் அவன் மூன்று இடத்தில் அவமானப்பட்டிருப்பான். அந்த மூவரையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கூலி பிடிக்க மாட்டோம் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வர மாட்டார்கள்.

அடுத்து அந்தப் பெண்ணின் கதை. ஐந்தாம் நாள் சண்டைக்கு வித்து முதல் நாளே விழுந்துவிட்டது. எலி பேஸ்ட்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் நாள் வாந்தி, பிறகு ஓரிரு நாள் எதுவுமே நடக்காததுபோல் ஓர் அமைதி, அதன்பின் ஈரல். நடுவில் வருகிற அந்த நல்ல நாள்தான் உங்களுக்கு எதிரி. இட்லி கேட்டவள் செத்துப்போனாள் என்றால் எந்தத் தாய்மாமனும் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். முதல் நாளே அவரை உட்கார வைத்து, "நாளை இவள் எழுந்து உட்காருவாள், பசிக்கிறது என்பாள், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஈரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியும்" என்று யாராவது சொன்னார்களா? பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர்களுக்கும் இதே கதைதான், பேசிக்கொண்டே இருப்பார்கள், நுரையீரல் பிறகு போகும். இதைச் சொல்வது யார் வேலை, எந்த நேரத்தில், குடும்பத்தில் யாரிடம் என்பதைப் பயிற்சியில் முடிவு செய்யுங்கள். கேட்டுக்கொண்டதாகக் கேஸ் ஷீட்டில் கையெழுத்தும் வாங்குங்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கே கொடுத்தாலும் வீணில்லை.

இனி அறை. பயிற்சியை மாநாட்டுக் கூடத்தில் நடத்தாதீர்கள், கேஷுவாலிட்டியிலேயே நடத்துங்கள். எத்தனை கதவு? இரண்டாவது கதவு திறக்கிறதா? டிரஸ்ஸிங் டிராலியில் கத்தரிக்கோல் யார் கைக்கும் எட்டுகிறபடி கிடக்கிறதா? டிரிப்ஸ் ஸ்டாண்டுகளைப் பயன்படுத்தாதபோது எங்கே வைக்கிறீர்கள்? கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் அடையாள அட்டைக் கயிறும் தொங்கினால், பிடித்து இழுக்க வசதியாக நாமே கைப்பிடி மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

நிற்கும் விதத்தைச் சொல்லிக் காட்டினால் போதாது, செய்யவைக்க வேண்டும். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். நெஞ்சோடு நெஞ்சாக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில். உள்ளங்கை தெரியட்டும், கையைக் கட்டவும் வேண்டாம், பின்னால் ஒளிக்கவும் வேண்டாம். உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் அவன் வரக் கூடாது. அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நீங்களும் நிற்கக் கூடாது. இந்த இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வழி அடைபட்ட பூனை பாயும்.

பேசுவது ஒருவர் மட்டும். நம் ஆட்கள் ஆறு பேர் ஒரே நேரத்தில் சமாதானம் செய்வார்கள், ஒருவர் சட்டம் பேசுவார், ஒருவர் "படித்தவர்தானே நீங்கள்" என்பார். எரிகிற அடுப்பில் ஆறு பேர் ஊதினால் என்ன ஆகும்? "கத்தாதீர்கள்" என்று நாமே கத்துகிறோம். குரலை அவனுடையதைவிட ஒரு படி தாழ்த்தி, பெயரோ உறவு முறையோ சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணா, உள்ளே இருப்பது உங்களுக்கு யார்?" அவன் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதி இறங்கிவிட்டான்.

நோயாளியே அடிக்கிறார் என்றால் அது வேறு. அங்கே முதலில் ஆத்திரத்தைத் தேடாதீர்கள், உடம்பைத் தேடுங்கள். ஒரு முறை பக்கத்து மருத்துவமனையிலிருந்து முதியவர் ஒருவரைப் பைத்தியம் என்று எழுதி எங்களுக்கு அனுப்பினார்கள். நான்கு பேரை உதைத்திருந்தார். சர்க்கரை பார்த்தால் 38. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "நான் எப்படி இங்கே வந்தேன், தம்பி?" என்றார். சர்க்கரை, ஆக்சிஜன், தலைக்காயம், காய்ச்சல் ஆகிய நான்கையும் பார்த்த பிறகுதான் மற்றது. குடியும் அப்படியே. கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பிதற்றல் உச்சத்துக்கு வரும். வெள்ளிக்கிழமை கால் முறிந்து படுத்தவர் ஞாயிறு இரவு எழுந்து சுவரில் ஊரும் பூச்சியைத் தட்டுவார். சேர்க்கும்போதே "தினமும் குடிப்பீர்களா, கடைசியாக எப்போது?" என்று கேட்டு எழுதி டாக்டரிடம் காட்டிவிட்டால், ஞாயிறு இரவு அமைதியாகப் போக வாய்ப்பு உண்டு.

கட்டுவதைப் பற்றி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 97ஆம் பிரிவைப் படியுங்கள். தனி அறையில் பூட்டிவைக்கவே கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது மட்டும், பொறுப்பில் உள்ள மனநல மருத்துவர் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கட்டக் கூடாது, இதைச் சட்டமே தனியாகச் சொல்கிறது. அதை எழுதியவர் யாரோ நம் இரவுப்பணியைப் பார்த்தவராக இருக்க வேண்டும். குடி, போதையோடு சேர்ந்த மனக்கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன. எனவே "நாங்கள் பொது வார்டு" என்று தப்பிக்க வேண்டாம். காஸ் துணி வேண்டவே வேண்டாம், திருகிக் கயிறாகி அறுக்கும். அகலமான மெத்துப் பட்டைகள் வாங்கச் சொல்லுங்கள். கட்டிலின் பக்கக் கம்பியில் கட்டாமல் அதன் சட்டகத்தில் கட்டுங்கள். விரல் நுனியின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடிப் பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள்.

இதை மட்டும் சுவரில் எழுதிப் போடுங்கள்: குப்புறப் போட்டு அழுத்தக் கூடாது, முதுகில் முழங்கால் வைக்கக் கூடாது. மூச்சு நின்றுவிடும். திமிறுவதை நிறுத்திவிட்டான், அடங்கிவிட்டான் என்று நாம் நினைப்போம். அவன் செத்துக்கொண்டிருப்பான்.

லெஸ்டர் பராமரிப்பாளர்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம். இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இங்கே பயிற்சிக்குக் குறைவில்லை, வருடா வருடம் கணினி முன் உட்கார்ந்து பெட்டிகளில் சரி அடையாளம் போடுவோம். அதனால் பயிற்சி என்றால் எனக்கும் கொட்டாவிதான் வரும்.

ஐயா எழுதிய கடைசிப் பத்தியைப் படித்தபோது ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. 2010இல் லண்டனில் ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் மனநல வைத்தியசாலையில் பொலிஸார் பலர் சேர்ந்து நெடுநேரம் அழுத்திப் பிடித்ததில் நினைவிழந்தார், சில நாளில் இறந்தார். அவருடைய பெற்றோர் பல வருடம் போராடினார்கள். 2018இல் வந்த சட்டத்தை இங்கே எல்லோரும் "சேனியின் சட்டம்" என்றே சொல்கிறார்கள். மனநலப் பிரிவுகளில் பலம் பிரயோகித்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும், பணியாளருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அந்தப் பயிற்சியில் பலம் பிரயோகிக்காமல் தவிர்ப்பதும் இருக்க வேண்டும்.

எங்களுடைய இல்லத்தில் அடிப்பவர்கள் மறதிநோய் உள்ளவர்கள். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், வயது 84. தினமும் காலையில் குளிக்க வைக்கும்போது குத்துவார். என் தோளில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும். ஒருநாள் மேலாளர் ஒரு தாளைத் தந்தார். அடிக்கும் முன் என்ன நடந்தது, அடித்தார், பின் என்ன நடந்தது என்று மூன்று கட்டம். இரண்டு கிழமை எழுதினோம். முதல் கட்டத்தில் எல்லா நாளும் ஒரே வரி: மேலே இருந்து தண்ணீர் தலையில் விழுந்தது. ஷவரை விட்டுவிட்டு, துவாயால் தோளைப் போர்த்தி, வாளித் தண்ணீரில் காலில் இருந்து ஆரம்பித்தோம். குத்துவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிழமைக்கு ஒன்றாகக் குறைந்தது. அந்தத் தாளை நீங்களும் செய்து பாருங்கள் அக்கா, செலவு இல்லை.

இன்னொன்று. அடி வாங்கியவரை யாராவது கவனிக்கிறீர்களா? இங்கே முன்பெல்லாம் நீலத்தை மறைத்துவிடுவோம், நம்முடைய கைப்பக்குவம் சரியில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இப்போது சம்பவம் நடந்தால் பத்து நிமிடம் வேலையில் இருந்து எடுத்து, தேநீர் தந்து, என்ன நடந்தது என்று கேட்பார்கள். யார் பிழை என்று கேட்பதில்லை. தோலின் நிறத்தைச் சொல்லி ஏசுபவர்களுக்கு மட்டும் எந்தப் பயிற்சியிலும் மருந்து சொல்லித் தரவில்லை. அன்று இரவு அம்மாவுக்குப் போன் எடுப்பேன், அவ்வளவுதான்.

டூட்டி டாக்டர்:

மூத்தவர் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மறுப்பு உண்டு. எல்லாமே நம் பேச்சில் இருக்கிறது என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரையில் காவலர்களே சிகிச்சைக்குக் கூட்டிவந்த ஒருவர், மருத்துவமனைக் கத்தரிக்கோலை எடுத்து இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றார். 2024 நவம்பர் 13 அன்று கிண்டியில் புற்றுநோய் மருத்துவரை, நோயாளியின் மகன் அறைக்குள்ளேயே வைத்துக் கத்தியால் குத்தினார். தணிந்த குரல் கத்தியைத் தடுக்காது. பயிற்சியில் "எப்போது ஓடுவது" என்று ஒரு பாடம் வேண்டும், அதை யாரும் வைப்பதில்லை. ஓடினால் கோழை என்று நினைக்கிறோம். கூரிய பொருள் கையில் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் புறக்காவல் நிலையத்தை அழைக்க வேண்டும். அழைக்க ஒரு சொல்லை முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். கேரளத்தில் இதற்கு "கோட் கிரே" என்றே ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை. கொல்கத்தா மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட பிறகு, 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அனுப்பிய குறிப்பாணைப்படி, பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே வழக்குப் பதிய ஏற்பாடு செய்ய வேண்டும். அடி வாங்கியவர் தனியாகக் காவல் நிலையப் படியேற வேண்டியதில்லை என்பதுதான் அதன் பயன். உங்கள் பணியாளர் அம்மாவுக்காகப் புகார் கொடுத்தது யார்?

பழைய மனநல வார்டுக்காரர்:

டாக்டர் சொல்வது சரி. ஓடுவதை நான் விட்டுவிட்டேன். நான் ஓடியிருக்கிறேன், இரண்டு முறை. சொல்ல வெட்கமாக இருந்ததால் விட்டுப்போயிருக்கலாம்.

ஒரு நாள் கத்தியவன்:

நான் மருத்துவத்துறை ஆள் இல்லை, லாரி ஓட்டுகிறவன். தேடலில் இந்தப் பக்கம் வந்தது. மூன்று ஆண்டுக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள், அதோடு சரி. நான்கு மணி நேரம். கேட்டவர் எல்லாம் "வெளியே இருங்கள்" என்றார்கள். கண்ணாடிக் கதவை உதைத்தேன். உடையவில்லை, அது என் அதிர்ஷ்டம்.

அப்போது ஒரு சிஸ்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லி, அவரும் உட்கார்ந்தார். "விபத்தில் அடிபட்ட ஒரு சிறுவன் ஸ்கேனில் இருக்கிறான். அடுத்தது உங்கள் அப்பா. எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் 11.20க்கு நான் வந்து எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறேன்" என்றார். 11.20க்கு வந்தார். "இன்னும் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கதவுக்கு அருகில் நின்ற காவலாளியிடம் அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. தினம் பத்துப் பேர் உதைப்பார்கள்போல.

இரவுப்பணி சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடத்தினோம். 22 பேர் வந்தார்கள், அதில் காவலாளிகள் நான்கு பேர், தூய்மைப் பணியாளர்கள் ஐந்து பேர். கூலி பிடிக்கப் போவதில்லை என்று கண்காணிப்பாளரிடமே கையெழுத்து வாங்கினேன்.

கேஷுவாலிட்டியிலேயே நின்று, நோயாளி வராத நேரமாகப் பார்த்து, துண்டு துண்டாக நடத்தினோம். நடுவில் இரண்டு விபத்து வந்தது, நிறுத்தி மறுபடி தொடங்கினோம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணனைத் தாய்மாமனாக நடிக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கத்திய விதத்தில் எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது. இவ்வளவு நாள் எங்கே பார்த்து வைத்திருந்தாரோ. இரண்டு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும் என்று நான்தான் பாடம் எடுத்தேன், நானே அவரை நோக்கி இரண்டு அடி முன்னால் போயிருக்கிறேன். பார்த்தவர்கள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிறகு ஆளை மாற்றினோம், பயிற்சி டாக்டர் கத்த, காவலாளி பேசினார். "உள்ளே இருப்பது உங்களுக்கு யார்?" என்ற கேள்வியை அவர்தான் எல்லோரையும்விட நன்றாகக் கேட்டார்.

எலி பேஸ்ட், களைக்கொல்லி இரண்டுக்கும் முதல் நாள் சொல்ல வேண்டியதை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி கேஸ் ஷீட்டோடு குத்தப் போகிறோம். பகலில் டாக்டர் சொல்வார், இரவில் நான் அல்லது பணியில் இருக்கும் மூத்த செவிலியர். நேரம் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்குத் திரும்பி வருவதைப் பற்றிப் பேசினோம். "வர முடியாவிட்டால்?" என்று ஒரு சிஸ்டர் கேட்டார். இருவர் மட்டும் பணியில் இருக்கும் இரவில் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், புகைப்படத்துக்குக் கீழே.

டாக்டர் கேட்ட கேள்விக்கு: அந்த அம்மாவுக்காக யாரும் புகார் கொடுக்கவில்லை. அவர் வேலையில் வழுக்கி விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு கண்காணிப்பாளரைப் பார்க்கப் போகிறேன்.

மெத்துப் பட்டைக்குக் கேட்பு எழுதியாகிவிட்டது. கத்தரிக்கோல் இழுப்பறைக்குள் போய்விட்டது. இரண்டாவது கதவை எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். உடைந்த கட்டில்கள் மூன்று அதன்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, ஸ்ட்ரெச்சர் அண்ணன் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார். பின்னால் ஒரு பூட்டு. சாவி ஸ்டோரில் இருப்பதாகச் சொன்னார்கள், ஸ்டோரில் கேட்டால் பழைய கண்காணிப்பாளர் காலத்திலேயே எங்களிடம் தந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பழைய மனநல வார்டுக்காரர்:

உடைத்துவிடுங்கள், சிஸ்டர். புதுப் பூட்டுக்கு நான் பணம் அனுப்புகிறேன்.